ஏழாம் மாதத்து விழிப்பு

திட உணவு தொடங்கிய குழந்தை இரவில் முன்னைவிட அதிகமாக விழிப்பதற்கு அந்த உணவே காரணமாக இருப்பது குறைவு. ஆறாம் மாதத்துக்கும் பத்தாம் மாதத்துக்கும் இடையில் குழந்தையின் மூளை, உடலசைவு, உணவு ஆகிய மூன்றும் ஒரே வேளையில் மாறுகின்றன. அவற்றில் உணவு மட்டுமே வீட்டாரின் கண்ணுக்குப் பளிச்சென்று தெரிவதால் பழி அதன்மேல் விழுகிறது. இலங்கையின் ஹட்டன், நுவரெலியாப் பகுதித் தேயிலைத் தோட்டங்களில் நான்காவதாக ஒரு காரணமும் சேர்ந்துகொள்கிறது. பகல் முழுவதும் தாய் மலையில் கொழுந்து எடுக்கிறார். குழந்தை, தோட்டத்தின் குழந்தை காப்பகமான பிள்ளை மடுவத்தில் இருக்கிறது. அந்தப் பிரிவைக் கணக்கில் எடுக்காமல் லயம் எனப்படும் தோட்டத்து வரிசைக் குடியிருப்பில் வளரும் குழந்தையின் இரவு விழிப்பை விளங்கிக்கொள்ள முடியாது.

முதலில் தூக்கத்தின் அமைப்பு. பெரியவர்களுக்கு ஒரு தூக்கச் சுற்று ஏறத்தாழ 90 நிமிடம் நீளும். ஆறு மாதக் குழந்தைக்கு அது 50 முதல் 60 நிமிடம்தான். ஒவ்வொரு சுற்றும் முடியும் இடத்தில் தூக்கம் மேலெழுந்து மெலிகிறது, குழந்தை புரள்கிறது, சில வேளை கண் திறக்கிறது. மாலை ஏழரைக்கு உறங்கி விடிகாலை ஐந்தரைக்கு எழும் குழந்தை இப்படிப் பத்துத் திருப்பங்களைக் கடக்க வேண்டும். அமெரிக்க மனநல மருத்துவர் தாமஸ் ஆண்டர்ஸ் 1970-களில் குழந்தைகளின் இரவுகளை வீடியோவில் பதிந்து ஆராய்ந்தார். ‘விடியும்வரை தூங்குகிறது’ என்று பெற்றோர் சொன்ன குழந்தைகளும் இடையில் விழித்தது அதில் தெரிந்தது. அவை சற்றுநேரம் இருட்டைப் பார்த்துக் கிடந்துவிட்டுத் தாமாகவே மறுபடி உறங்கின. மற்றக் குழந்தைகள் விழித்ததும் அழுது ஆளைக் கூப்பிட்டன. ஆகவே விழிப்பு எல்லாக் குழந்தைக்கும் உண்டு. வீட்டாரின் தூக்கத்தைக் கெடுப்பது விழிப்புக்குப் பின்னால் வரும் அந்தக் கூப்பிடுதல்தான்.

ஓரளவு ஒழுங்காகத் தூங்கிவந்த குழந்தை இந்த வயதில் மீண்டும் விழிக்கத் தொடங்குவது இன்று நேற்றுக் கண்டது அன்று. லண்டனில் 160 குழந்தைகளைப் பின்தொடர்ந்து மூர், உக்கோ என்ற இரு ஆய்வாளர்கள் 1957-இல் வெளியிட்ட கட்டுரை அதைப் பதிவு செய்திருக்கிறது. நள்ளிரவு முதல் காலை ஐந்து மணிவரை விழிக்காமல் இருப்பதை ‘ஒழுங்குபட்ட தூக்கம்’ என்று அவர்கள் வரையறுத்தார்கள். மூன்று மாதத்தில் 70 விழுக்காட்டுக் குழந்தைகளும் ஆறு மாதத்தில் 83 விழுக்காட்டினரும் அந்த நிலையை அடைந்திருந்தனர். பின்னர், முதலாண்டின் பிற்பாதியில், அவர்களில் ஏறக்குறையப் பாதிப்பேர் மறுபடி விழிக்கத் தொடங்கினார்கள். சோறூட்டும் வயதும் இந்தத் திரும்பல் நிகழும் வயதும் ஒன்றின்மேல் ஒன்று விழுகின்றன. கோயிலில் சோறூட்டிய வாரத்திலேயே குழந்தை இரவில் எழுந்து அழுதால், ‘சோறு ஒத்துக்கொள்ளவில்லை’ என்று பாட்டி சொல்வது அதனால்தான். அவர் கண்டது உண்மை. காரணம் மட்டும் வேறிடத்தில் இருக்கிறது.

அந்தக் காரணத்தின் பெரும்பகுதி மூளையில் நடக்கிறது. ஆறு, ஏழு மாதத்துக்கு முன் கண்ணை விட்டு மறைந்தது குழந்தையின் மனத்தை விட்டும் மறைந்துவிடும். அதற்குப் பிறகு, மறைந்த அம்மா எங்கோ இருக்கிறார் என்பது குழந்தைக்குப் புரியத் தொடங்குகிறது. இருப்பவர் ஏன் வரவில்லை என்ற தவிப்பு அந்தப் புரிதலோடு பிறக்கிறது. ஐந்து மாதத்தில் மடுவத்தில் யார் மடிக்கும் சிரித்துக்கொண்டு தாவிய பிள்ளை எட்டாம் மாதத்தில் தாயின் சேலையைப் பிடித்துக்கொண்டு கதறுவது இதன் பகல் வடிவம். நள்ளிரவில் தூக்கம் மெலியும்போது கையை நீட்டித் துழாவி, ஆள் படாவிட்டால் அழுவது இரவு வடிவம். தவழக் கற்கும் வாரங்களிலும் எழுந்து நிற்கப் பழகும் வாரங்களிலும் விழிப்பு கூடுவதுண்டு. பல் முளைப்பதன் நோவும் சில இரவுகளைக் கெடுக்கும்.

இவ்வளவும் இருந்தும், வயிறு நிறைந்தால் பிள்ளை தூங்கும் என்ற நம்பிக்கை எல்லா ஊரிலும் உறுதியாக நிற்கிறது. தோட்டத்தில் அது இரவு படுக்குமுன் ஒரு கிண்ணம் கஞ்சியாகவோ, போத்தல் பாலில் கரைத்த அரிசிமாவாகவோ, ஊறவைத்த பிஸ்கட்டாகவோ வரும். அமெரிக்காவின் கிளீவ்லாந்தில் 106 குழந்தைகளை இரு பிரிவாக்கி, ஒரு பிரிவுக்கு ஐந்தாம் வாரத்திலிருந்தும் மற்றப் பிரிவுக்கு நான்காம் மாதத்திலிருந்தும் படுக்கைநேரப் போத்தலில் அரிசிமா உணவு கலந்து கொடுத்துப் பார்த்தார்கள். 1989-இல் வெளியான முடிவில் இரு பிரிவின் தூக்கத்திலும் வேறுபாடு இல்லை. இங்கிலாந்தில் 1,303 தாய்ப்பால் குழந்தைகளைக் கொண்டு நடந்த பெரிய ஆய்வு 2018-இல் வேறு விடை தந்தது. மூன்று மாதத்திலேயே திட உணவு தொடங்கியவர்கள் ஆறு மாதம்வரை தாய்ப்பால் மட்டும் குடித்தவர்களைவிட அதிகம் தூங்கினார்கள். எவ்வளவு அதிகம் என்று பார்த்தால், வித்தியாசம் உச்சத்தில் இருந்தபோது இரவுக்கு ஏறக்குறைய 17 நிமிடம். விழிப்பு இரண்டு முறையிலிருந்து ஒன்றேமுக்கால் முறையாகக் குறைந்தது. தூக்கத்தைக் குறித்துச் சொன்னவர்களும் பெற்றோரே, எந்தக் குழந்தைக்கு எது கொடுக்கப்பட்டது என்பது தெரிந்தவர்கள். பதினேழு நிமிடத்துக்காக ஆறு மாதக் கெடுவை உடைப்பது, குடிநீரைக் கொதிக்கவைத்தே நம்ப வேண்டிய லயத்தில் வயிற்றுப்போக்கை வலிய அழைப்பதாகும். ஆறு மாதம் முடியும்வரை தாய்ப்பால் மட்டும் என்பது 2001-இல் உலக சுகாதார மன்றம் ஏற்ற பரிந்துரை. இலங்கையின் சுகாதாரத் துறையும் அதையே சொல்கிறது.

ஆறு மாதத்துக்குப் பின் என்ன என்பதற்கு வேல்ஸ் நாட்டின் ஸ்வான்சீ பல்கலைக்கழக ஆய்வொன்று தெளிவான விடை தருகிறது. ஆறு முதல் பன்னிரண்டு மாதக் குழந்தைகளின் தாய்மார் 715 பேரிடம் கேட்டு 2015-இல் வெளியிட்டார்கள். நான்கில் மூன்று பங்குக்கு மேற்பட்ட குழந்தைகள் இரவில் ஒருமுறையாவது வழக்கமாக விழித்தன. தாய்ப்பாலா மாப்பாலா என்பதால் விழிப்பில் வேறுபாடு இல்லை. பகலில் திட உணவு அதிகம் உண்ட குழந்தைகள் இரவில் பால் குடிப்பது குறைந்தது, விழிப்பது குறையவில்லை. பசியும் விழிப்பும் தனித்தனியானவை என்பதற்கு இதைவிட நேரான சான்று தேவையில்லை.

இனித் தோட்டத்துக்கு வரலாம். 1939-ஆம் ஆண்டின் 32-ஆம் இலக்க மகப்பேற்று நன்மைகள் கட்டளைச் சட்டம் தோட்டத் தொழிலாளிக்கு 84 நாள் விடுப்பைத் தருகிறது. முன்பு மூன்றாவது பிள்ளை முதல் அது பாதியாகக் குறையும். 2018-இல் செய்த திருத்தம் எல்லாப் பிள்ளைக்கும் ஒரே அளவாக்கியது. விடுப்பில் இரண்டு வாரம் பேற்றுக்கு முன்னரே கழிந்துவிடும். ஆகவே தாய் மறுபடி கூடையைத் தலையில் மாட்டும்போது குழந்தை மூன்றாம் மாதத்தில் நிற்கிறது. ஆறு மாதம்வரை தாய்ப்பால் மட்டும் என்ற பரிந்துரைக்கும் இந்த விடுப்புக்கும் இடையில் மூன்று மாதத்துக்கும் மேற்பட்ட ஓட்டை இருக்கிறது. அதை அடைக்கும் பொறுப்பு முழுக்கத் தாயின் உடம்பின்மேல் சுமத்தப்பட்டிருக்கிறது.

ஒரு வயதுக்குட்பட்ட குழந்தைக்குப் பாலூட்ட வேலைநேரத்தில் இரண்டு இடைவேளைகளையும் அதே சட்டம் தருகிறது. குழந்தை காப்பகம் இல்லாத இடத்தில் ஒவ்வொன்றும் ஒரு மணிநேரம், இருக்கும் இடத்தில் அரை மணி. தோட்டங்களில் மடுவம் இருப்பதால் அரை மணிதான் கணக்கு. லயத்துக்கு அருகிலுள்ள மலையில் வேலை என்றால் அது போதும். மேட்டு மலையில் நிற்கும் நாளில் இறங்கி ஏறுவதற்கே அந்த அரை மணி சரியாகிவிடும். மழையில் படிக்கட்டு வழுக்கும், பறித்த கொழுந்தை நிறை போடும் நேரமும் நெருங்கும். அப்படிப்பட்ட நாளில் தாய் இடைவேளையை விட்டுவிடுகிறார். காலை ஏழு மணிக்குக் குடித்த குழந்தை அடுத்துத் தாயிடம் பால் குடிப்பது மாலை ஐந்தைத் தாண்டித்தான்.

பிள்ளை மடுவம் இன்று அரச ஏடுகளில் சிறுவர் அபிவிருத்தி நிலையம். இந்நிலையங்களை மேம்படுத்துவதில் பெருந்தோட்ட மனிதவள அபிவிருத்தி நிதியத்துக்கு முக்கிய பங்குண்டு. பழைய மடுவங்களின் கூரை வளையில் சீலைத் தொட்டில்கள் வரிசையாகத் தொங்கும். ஒன்றை ஆட்டிவிட்டு அடுத்ததற்கு நகர்ந்தால் முதலாவது நிற்கும் தறுவாயில் இருக்கும், திரும்ப வந்து ஆட்ட வேண்டும். அந்த ஆட்டத்திலேயே உறங்கிப் பழகிய குழந்தை இரவில் லயத்து அறையான காம்பராவில் தரைப் பாயில் கிடக்கிறது. சுற்று முடிந்து கண் திறந்தால் உறங்கியபோது இருந்த அசைவு இல்லை. தூக்கம் எந்தச் சூழலில் வந்ததோ அதே சூழலைக் குழந்தை மறுபடி கேட்கும். தொட்டிலில் உறங்கியது தொட்டிலைக் கேட்கும், மார்பில் உறங்கியது மார்பைக் கேட்கும்.

இந்தப் பகலின் விளைவு இரவில் தெரிகிறது. ஒன்பது, பத்து மணிநேரம் தாயைப் பிரிந்திருந்த குழந்தை இழந்த பாலை இரவில் ஈடுசெய்துகொள்கிறது. பாலூட்டல் ஆலோசகர்கள் இதைச் சுழற்சி தலைகீழாதல் என்பார்கள். மூன்றாம் மாதத்திலேயே இது தொடங்கியிருக்கலாம். திட உணவு வந்ததும் இன்னும் கூர்மையாகிறது, ஏனென்றால் மடுவத்தில் ஊட்டும் சோறு இடம்பிடிப்பது பகல் பாலின் இடத்தை. பத்து மணிக்குக் கிண்ணம் நிறையக் கஞ்சி குடித்த பிள்ளை பத்தரைக்குத் தாய் ஓடிவரும்போது இரண்டு வாய் குடித்துவிட்டுத் தலையைத் திருப்பிக்கொள்ளும். ஓராண்டு நிறையும்வரை குழந்தைக்கு வேண்டிய ஆற்றலில் ஏறக்குறையப் பாதி தாய்ப்பாலிலிருந்தே வர வேண்டும் என்பதால், பகலில் விட்டதை இரவில் கேட்கிறது. பால் சுரப்புக்கான புரோலாக்டின் இரவில்தான் உயர்ந்து நிற்கும். இரவுப் பாலில் தூக்கத்தைத் தூண்டும் மெலடோனினும் உண்டு. ஆகவே இந்த இரவுப் பாலூட்டல் கெட்ட பழக்கம் அன்று. வேலைக்குப் போகும் தாயின் பால் வற்றாமல் இருப்பதற்கே அதுதான் காரணமாகிறது. ‘இரவில் இத்தனை முறை குடிக்கிறதே, பால் போதவில்லை போலும்’ என்று எண்ணி மாப்பால் டின் வாங்கும் வீடுகள் நாட்கூலியில் ஒரு பெரும் பங்கைத் தேவையின்றி இழக்கின்றன.

பகல் உணவின் தரத்தை ஆராய வேண்டியது இரவுத் தூக்கத்துக்காக என்பதைவிட வளர்ச்சிக்காகவே. 2016-ஆம் ஆண்டின் குடிசன, சுகாதார அளவீட்டின்படி, ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளில் வயதுக்கேற்ற உயரம் இல்லாதோர் நாடு முழுவதற்கும் 17 விழுக்காடு, தோட்டத் துறையில் 32 விழுக்காடு. அதற்குப் பத்தாண்டு முன் தோட்டங்களில் அது 40 விழுக்காடாக இருந்தது. குறைந்திருக்கிறது, ஆனாலும் மூன்றில் ஒரு பிள்ளை என்பது பெருந்துயரம். வளர்ச்சி தடைப்படுவது பெரும்பாலும் இந்த ஆறு மாதத்துக்கும் இரண்டு வயதுக்கும் இடைப்பட்ட காலத்தில்தான்.

ஒரு கணக்கைப் போட்டுப் பார்க்கலாம். ஆறு முதல் எட்டு மாதக் குழந்தைக்குத் தாய்ப்பால் போகத் திட உணவிலிருந்து நாளொன்றுக்கு 200 கிலோ கலோரி வேண்டும். ஒன்பதாம் மாதத்திலிருந்து 300. குழந்தையின் இரைப்பை உடல் எடையில் கிலோவுக்கு 30 மில்லிலீற்றர் கொள்ளும் என்பது கணிப்பு, ஏழு கிலோப் பிள்ளைக்கு 210 மில்லிலீற்றர். நீராக வடியும் அரிசிக் கஞ்சியில் மில்லிலீற்றருக்கு அரைக் கிலோ கலோரிகூட இருக்காது. அதைக்கொண்டு 200 கிலோ கலோரி சேர்க்க அரை லீற்றர் ஊட்ட வேண்டும். வயிறு நிறையும், பாலுக்கு இடமிருக்காது, சத்தும் சேராது. கரண்டியைக் கவிழ்த்தால் வழியாமல் ஒட்டிநிற்கும் பதத்தில் மசித்த சோற்றில் அதே அளவில் இரு மடங்கு ஆற்றல் உண்டு. அதில் ஒரு தேக்கரண்டி தேங்காயெண்ணெய் விட்டால் இன்னும் 40 கிலோ கலோரி. பருப்பு, முட்டை, உப்புப் போக ஊறவைத்துக் கழுவி இடித்த நெத்தலி, நுவரெலியாக் கரட், பூசணி, கீரை எல்லாம் அதில் சேரும். எடை குறைந்த பிள்ளைக்குக் கிளினிக்கில் தரும் திரிபோஷா சோளமும் சோயாவும் கலந்த மா. அதையும் கூழாகக் கரைக்காமல் கெட்டியாகப் பிசைந்தால்தான் பயன். அந்தப் பொட்டலம் வீட்டில் எல்லாருக்கும் உருண்டையாகப் பகிரப்படுவது பசியின் கதை, அதற்குத் தாயைக் குறைசொல்வது அநியாயம்.

விழிப்போடு நேராகத் தொடர்புள்ள ஒரு சத்து இரும்பு. பிறக்கும்போது கொண்டுவந்த இரும்புச் சேமிப்பு ஏறக்குறைய ஆறு மாதத்தில் தீர்கிறது. எடை குறைந்து பிறந்த குழந்தைக்கு இன்னும் முன்னரே. தாய்ப்பாலில் இரும்பு மிகக் குறைவு. நேபாளத்திலும் சான்சிபார் தீவுகளிலும் ஆறு முதல் பதினெட்டு மாதக் குழந்தைகளை ஆராய்ந்தபோது, இரும்புக் குறைவால் சோகை கண்ட குழந்தைகள் இரவில் குறைவாகத் தூங்கியது தெரிந்தது. சிலியின் சந்தியாகோவில் நடந்த தூக்க ஆய்வுகளும் இத்தகைய குழந்தைகளின் தூக்கத்தில் கைகால் அசைவு கூடுதலாக இருப்பதைக் காட்டின. வெளிறிய உள்ளங்கை, மந்தம், அடிக்கடி புரண்டு சிணுங்கும் தூக்கம் மூன்றும் சேர்ந்தால் இரத்தத்தைச் சோதிப்பது நல்லது.

இங்கே சாயத்தண்ணி பற்றிச் சொல்லாமல் தாண்ட முடியாது. தேயிலை விளையும் மண்ணில் பால் இல்லாத தேத்தண்ணிதான் எந்நேரமும் கையில் இருக்கும் பானம். அழும் பிள்ளைக்கு அதில் பிஸ்கட்டைத் தோய்த்து இரண்டு வாய் ஊட்டுவதும் நடக்கிறது. தேயிலையின் டானின் உணவிலுள்ள இரும்பைக் கட்டிப்போட்டு உடம்பில் சேரவிடாது. அதன் கஃபீன் தூக்கத்தை விரட்டும். தூங்கவைக்கக் கொடுத்தது விழிக்கவைக்கிறது, மறைவாகச் சோகையையும் வளர்க்கிறது. தாய் குடிக்கும் இரண்டு மூன்று கோப்பையால் பாலுக்கு வரும் கஃபீன் சிறிதளவே, பெரும்பாலான குழந்தைகளுக்கு அது தீங்கில்லை. பிள்ளைக்கு நேரே ஊட்டுவதுதான் கூடாது.

உணவு தொடங்கிய முதல் வாரங்களில் மலம் இறுகுவதும் வயிறு ஊதுவதும் உண்டு. முக்கி முகம் சிவந்து, கால்களை வயிற்றோடு மடக்கி அழும் குழந்தைக்குக் கனிந்த பப்பாசியும் கொதித்தாறிய தண்ணீரும் உதவும். படுக்கப்போகும் நேரத்தில் வயிறு புடைக்க ஊட்டினால் பால் எதுக்களித்து மேலே வரும். இரவின் கடைசித் திட உணவைப் படுப்பதற்கு ஒரு மணிநேரம் முன்னரே முடித்துவிடுவது இதற்கு மருந்து. புதிய உணவு ஒன்றைத் தொடங்கி இரண்டு மூன்று நாள் பொறுத்து அடுத்ததைச் சேர்த்தால், ஒத்துக்கொள்ளாதது எதுவென்று அடையாளம் தெரியும்.

நுவரெலியா நகரம் கடல்மட்டத்துக்கு 1,868 மீற்றர் உயரத்தில் இருக்கிறது. தை, மாசியில் புல்லின்மேல் துகள் பனி படியும் விடியல்கள் உண்டு. தகரக் கூரைக் காம்பராவில் அதிகாலை மூன்று, நான்கு மணிக்குக் குளிர் உச்சத்தில் இருக்கும்போது குழந்தையின் தூக்கமும் மெலிந்திருக்கும். கை கால் சில்லிட்டிருப்பதை வைத்துக் குளிரை அளக்க முடியாது, பிடரியையும் நெஞ்சையும் தொட்டுப் பார்க்க வேண்டும். அவை இதமாக இருந்தால் போதும். கனத்த கம்பளியை முகம்வரை போர்த்துவது மூச்சுக்கு ஆபத்து. அதைவிட ஒன்றன்மேல் ஒன்றாக இரண்டு மெல்லிய சட்டை நல்லது. குளிருக்காகக் கதவடைத்த அறைக்குள் விறகடுப்புப் புகை தங்கிவிடும். புகையால் மூக்கடைத்த குழந்தை பால் குடிக்கவும் தூங்கவும் திணறும். ஒரே அறையில் ஆறேழு பேர் படுக்கும் வீட்டில் ஒருவர் இருமினாலும் பிள்ளை விழிக்கும். அங்கே ‘தனியறையில் தூங்கப் பழக்குங்கள்’ என்ற புத்தக அறிவுரைக்கு இடமில்லை. தாயருகே படுப்பதே வழி என்னும்போது பாய் தரையில் இருப்பதும், மது அருந்தியவரோ புகைப்பவரோ குழந்தைக்குப் பக்கத்தில் படுக்காதிருப்பதும் முக்கியம்.

சில விழிப்புகள் மருத்துவரிடம் போக வேண்டியவை. காய்ச்சல், காதைப் பிடித்து இழுத்து அலறுதல், மூச்சு வாங்குதல், குறட்டையோடு மூச்சு நின்று நின்று வருதல், மலத்தில் இரத்தம், ஓயாத வாந்தி, பால் மறுத்தல் ஆகியவற்றில் எது இருந்தாலும் விடியும்வரை காத்திருக்கக் கூடாது. கிளினிக்கில் எடை பார்க்கும்போது வளர்ச்சிப் பதிவேட்டின் கோடு படுத்தாலோ கீழே இறங்கினாலோ இரவு விழிப்பு உண்மையான பசியாக இருக்கலாம். கோடு ஏறிக்கொண்டிருந்தால் குழந்தைக்கு உணவு போதுகிறது, எத்தனை முறை விழித்தாலும் சரி.

மற்றபடி மாற்றக்கூடியது பகலில்தான் அதிகம். வேலைக்குப் புறப்படும் முன் ஒருமுறை, இடைவேளைகளில் தவறாமல், திரும்பி வந்ததும் முகம் கைகால் கழுவிய கையோடு மறுபடி என்று பால் கொடுத்தால் இரவின் பங்கு சற்றுக் குறையும். மடுவத்திலும் திட உணவைத் தாய் வந்து பால் கொடுத்த பிறகு ஊட்டுவது நல்லது. தாய் வரும் நேரத்தை மடுவத்தில் பிள்ளை பார்ப்பவருக்கு முன்கூட்டியே சொல்லிவைத்தால் இது முடியும். பாலூட்டும் தாய்க்கு அருகிலுள்ள மலையில் வேலை கொடுப்பது தோட்ட நிர்வாகத்துக்குச் செலவில்லாத காரியம். அது சலுகையாகக் கருதப்படாமல் வழக்கமாக வேண்டும். இரவில் விழித்த குழந்தை ஒவ்வொரு முறையும் பாலுக்கே அழுவதில்லை. தகப்பனோ பாட்டியோ விளக்கைப் போடாமல் முதுகைத் தட்டிக்கொடுத்தால் சில விழிப்புகள் அதிலேயே அடங்கும். விடிந்ததும் கூடையோடு மலையேற வேண்டிய தாய்க்கு அப்படிக் கிடைக்கும் தூக்கம் பெரிது.

கனடாவில் 388 குழந்தைகளைப் பின்தொடர்ந்து 2018-இல் வெளியான ஆய்வின்படி, ஆறு மாதத்தில் 38 விழுக்காட்டுக் குழந்தைகள் தொடர்ந்து ஆறு மணிநேரம் தூங்கவில்லை. ஓராண்டு நிறைந்தபோதும் 28 விழுக்காட்டினர் அப்படியே இருந்தார்கள். இரவில் விழித்தவர்களுக்கும் விழிக்காதவர்களுக்கும் அறிவு வளர்ச்சியிலோ உடலியக்க வளர்ச்சியிலோ வேறுபாடு காணப்படவில்லை.